சம்பளத்தை மறுத்த சிப்பாய்கள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் சம்பளத்தை வாங்க மறுத்தார்கள் என்று என் பேரன் படித்துச் சொன்னான். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, கைக்கு வந்த காசை யாராவது வேண்டாம் என்பார்களா? தோட்டத்தில் பால் வெட்டியே பிள்ளைகளை வளர்த்த எனக்கு இது விளங்கவில்லை.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான், அம்மா. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலரும் உடைப்படியும் கிடைத்தபோது, கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் உடைக்காக 3 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். சமச் சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்த 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவினர், ஏறத்தாழ 18 மாதங்கள் ஒரு காசும் வாங்காமல் போரிட்டார்கள். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். குறைந்த தொகையைத் தானே ஈடுகட்டுவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோதும் அவர்கள் மறுத்தார்கள். தங்களை முழுச் சிப்பாய்களாக நடுவண் அரசே ஏற்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

உங்கள் கேள்வியில் உள்ள பசி பொய்யில்லை. அவர்கள் குடும்பங்கள் மிகவும் துன்பப்பட்டன. ஆனால், 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளத்தோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்தவும் சேர்த்தே கேட்டார்கள் அல்லவா? கூலியும் மானமும் அவர்களுக்கு வேறுவேறாகத் தெரியவில்லை; அந்தச் சிப்பாய்களுக்கும் அப்படித்தான்.

அமெரிக்காவில் இந்தச் சமச் சம்பளத்துக்காக உயிரையே கொடுத்தவர் வில்லியம் வாக்கர். அடிமைகளாய் இருந்தவர்களைக் கொண்ட 3ஆவது தென் கரோலினா படைப்பிரிவின் சார்ஜன்டான அவர், 1863 நவம்பரில், சமச் சம்பளமின்றிப் பணி செய்வதில்லை என்று தம் ஆட்களைத் தளபதியின் கூடாரத்தின் முன் துப்பாக்கிகளை வைக்கச் செய்தார். கலகம் செய்ததாகக் கூறி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சிப்பாய்க்குரிய சம்பளம் தரச் சட்டமில்லை என்ற அரசுக்கு, சிப்பாயாகச் சுட மட்டும் சட்டம் கிடைத்துவிட்டது என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கண்டித்தது முற்றிலும் நியாயம்.

1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதிலும், 1861 ஏப்ரல் 19க்கு முன்பே சுதந்திரராக இருந்தவர்களுக்கு மட்டுமே படையில் சேர்ந்த நாளிலிருந்து நிலுவை என்றும், அடிமைகளாய் இருந்தவர்களுக்கு 1864 ஜனவரி முதல்தான் என்றும் பிரித்தார்கள். சமச் சம்பளம் தருவதாகச் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்த மற்றவர்களுக்கு, முழு நிலுவைக்கான உரிமை 1865 மார்ச் மாதச் சட்டத்தால்தான் கிடைத்தது.