ரி.என்.சி ஃபேர்ம்வெயார் மாற்றுவது பற்றி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரி.என்.சி என்னும் பாக்கெட் ரேடியோ பெட்டிக்கு (கணினியின் தரவைச் சிறு பாக்கெட்டுகளாக ரேடியோ வழி அனுப்பி வாங்க உதவுவது) புது ஃபேர்ம்வெயார், அதாவது பெட்டியின் சிப்பில் இருந்து அதை இயக்கும் புரோகிராம், போடுவது பற்றிக் கொழும்பு நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததை ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டித் தம்பி: அண்ணா, நினோ என்ற வகை ரி.என்.சி கிட் ஒன்றைச் சோல்டர் பண்ணி முடித்தேன். புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம், உடனே போடவா?

இப்போது இருப்பதோடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்கிறதென்றால் அவசரமே இல்லை. புதுப் பதிப்போடு வரும் குறிப்பை வாசித்து, உங்களுக்கு இருக்கிற குறையை அது தீர்க்கிறதென்றால் மட்டும் போடுங்கள். போடுமுன் சிப்பின் முதுகை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து அதன் இலக்கத்தை வாசிக்க வேண்டும். நடுவில் 256 என்று வருவதும் 512 என்று வருவதும் வேறு வேறு, சிப்பில் எழுதுகிற ஹெக்ஸ் ஃபைலும் வேறு. பெட்டி இணைந்திருக்கிற கணினிப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரோகிராமை மூடிவிட்டுத் தொடங்குங்கள், பாதிப் பேர் மாட்டுப்படுவது அங்கேதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மாமா விட்டுப்போன பழைய ரி.என்.சி-2 வகைப் பெட்டி என்னிடம் இருக்கிறது. யூஎஸ்பி இல்லை. இதை எப்படி அப்டேட் பண்ணுவது?

எனக்கு மிகவும் பிடித்த பெட்டி இது. உள்ளே இசட்80 என்ற புரோசசர், ஃபேர்ம்வெயார் இருப்பது 28 கால் உள்ள ஈப்ரொம் சிப்பில் (புற ஊதா, அதாவது யூவி ஒளியால் அழித்துத் திரும்ப எழுதும் நினைவகம்), அநேகமாக 27சி256. கேபிளால் அனுப்பி மாற்ற முடியாது, சிப்பையே கழற்றி வேறு எழுதிப் போட வேண்டும். ஆனால் மாமாவின் சிப்பை அழிக்க வேண்டாம்! புரோகிராமர் என்ற சிப் எழுதும் கருவியில் வைத்து வாசித்து, அந்த 32 கிலோபைட்டையும் இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, சிப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சிப்பின் முதுகில் உள்ள கண்ணாடிச் சன்னலின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், அந்தச் சன்னலை நேர் வெயிலில் திறந்து ஒரு வாரம் விட்டாலே எழுதியது அழிந்துவிடும் என்பது சிப் செய்பவர்களே தரும் கணக்கு.

புதிதாக எழுத, டபிள்யூ27சி512 வாங்குவது நல்லது, அதைப் புரோகிராமரே மின்சாரத்தால் அழிக்கும், யூவி விளக்கு தேவையில்லை. அது 64 கிலோபைட். 256இல் எழுதும் மின்னழுத்தம் வாங்குகிற முதலாம் கால், 512இல் முகவரிக் காலாகிவிடுவதால் பெட்டி எந்தப் பாதியை வாசிக்கும் என்பது போர்டைப் பொறுத்தது, ஆகவே அதே 32 கிலோபைட்டை இரண்டு பாதியிலும் எழுதிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. பொருத்தும்போது வெட்டுக்குறி சொக்கெட்டின் குறியோடு பொருந்த வேண்டும், ஸ்டிக்கரின் எழுத்து நேராகத் தெரிகிறது என்பதை நம்பவே கூடாது. நான் ஒருமுறை எல்லாம் சரியாகப் பார்த்துப் பொருத்தியும் பெட்டி பேசவில்லை; ஒரு மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தால், ஒரு கால் மட்டும் சொக்கெட்டுக்குள் போகாமல் சிப்பின் வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடந்தது.

அப்புறம், உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி ராமைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், பழைய ஃபேர்ம்வெயாரின் மதிப்புகள் புதியதைக் குழப்பும். பற்றரியை இணைக்கும் ஜம்பரை (சின்னச் செருகியை) கொஞ்ச நேரம் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதோடு அழைப்புக்குறியும் போய்விடும், 4எஸ்7 என்று தொடங்கும் உங்கள் இலங்கைக் குறியை மறுபடி கொடுக்காமல் ஒரு பாக்கெட்கூட அனுப்பாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: பாதியில் கரண்ட் போய்விட்டது. பெட்டி செத்துவிட்டதா?

யூஎஸ்பி வழி எழுதும் பெட்டி என்றால் அநேகமாக இல்லை. புது ஃபேர்ம்வெயாரை வாங்கி எழுதும் பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம் தனி இடத்தில் இருப்பதால் திரும்ப முதலிலிருந்து எழுதினால் எழும்பிவிடும். பற்றரி நன்றாக இருக்கிற லப்டொப்பில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், இடி மின்னல் நேரத்தில் அன்ரெனா கேபிளையும் கழற்றிவிட்டு.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி: அப்டேட்டுக்குப் பிறகு என்ன ரைப் பண்ணினாலும் பதிலே வரவில்லை, அண்ணா.

கிஸ் மோடில் நிற்கிறதோ என்று பாருங்கள், அந்த மோடில் பெட்டி மனிதரோடு பேசாது, புரோகிராமோடு மட்டும்தான் பேசும். 192, 255, 192 என்ற மூன்று பைட்டை அனுப்பினால் வெளியே வரும். நினோ போன்றவை கிஸ்ஸுக்கென்றே செய்தவை, அவற்றில் வெளியே வர ஒன்றுமில்லை.

மட்டக்குளியிலிருந்து: மற்றவர்கள் அனுப்புவதெல்லாம் எனக்கு வருகிறது, நான் அனுப்புவதை யாரும் டிகோட் பண்ணுவதில்லை. அப்டேட்டுக்கு முன்பு சரியாக இருந்தது.

ரேடியோவைக் குற்றம் சொல்லாதீர்கள், அமைப்புகள் மாறியிருக்கும். டிஎக்ஸ் டிலே (அனுப்பத் தொடங்கிய பிறகு பாக்கெட்டை விடுமுன் பெட்டி காத்திருக்கும் நேரம்) 10 மில்லிசெக்கன் கணக்கில் போடுவது: 30 என்றால் 300 மில்லிசெக்கன். அது சின்னதாகிவிட்டால் ரேடியோ எழும்பு முன்பே பாக்கெட்டின் தலை போய்விடும். 50 போட்டுப் பார்த்துப் பிறகு குறையுங்கள். அதுவும் இல்லையென்றால் பெட்டி ரேடியோவுக்குக் கொடுக்கும் ஓடியோ அளவு கூடியிருக்கலாம். அன்ரெனாவுக்குப் பதில் டம்மி லோட் (பவரை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் சுமை) போட்டு, குறைந்த பவரில் அனுப்பி, இன்னொரு ரிசீவரை டயர்வுல்ஃப் என்ற பாக்கெட் டிகோட் புரோகிராம் ஓடுகிற லப்டொப்பில் இணைத்துக் கேளுங்கள். ஓடியோ அளவுத் திருகாணியை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, தொடர்ந்து பத்துப் பாக்கெட்டும் விழுகிற இடத்தில் நிறுத்தி, அதன் நிலையைப் பேனாவால் குறித்து வையுங்கள்.