“அவங்கள் அப்பிடித்தான்”

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர் கூடுதலாகச் சிறைக்குப் போவதற்கு நிறவெறிதான் காரணம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் வறுமை அதிகம், அதனால் குற்றம் அதிகம், அதனால் சிறை அதிகம். உண்மை இதுதானே? இதைக் கொண்டுவந்து எங்கள் பிரச்சினையோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? எங்களுடையது இனப் பிரச்சினை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விசுவமடு

பதில்: மாஸ்டர், உங்கள் கேள்வியில் ‘கறுப்பினத்தவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘வன்னிச் சனம்’ என்று போட்டு ஒருதரம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்களைப் பற்றி இதே வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்போம்! “அவங்கள் அப்பிடித்தான், அதுதான் உள்ளுக்கு இருக்கிறாங்கள்.” அப்போது உங்களுக்கும் எனக்கும் வந்த கோபம் இப்போது எங்கே போனது?

சரி, விஷயத்துக்கு வருவோம். இல்லாமை கூடிய இடத்தில் களவும் அடிதடியும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் செய்தவன் தானாக நடந்துபோய்ச் சிறைக்குள் இருப்பதில்லையே. யாரை மறித்துச் சோதிப்பது, யாரை எச்சரித்து விடுவது, யாருக்குப் பிணை கொடுப்பது என்று இடையில் பத்துப் பேர் பத்து முடிவு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கஞ்சா பாவிப்பது ஏறத்தாழ ஒரே அளவில்தான். ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வீதம் 2010 இல் வெள்ளையரைப் போல 3.7 மடங்கு. புகைத்தது சமம், பிடிபட்டதுதான் சமமில்லை. வறுமையைச் சொல்லி இதை விளக்கிவிட முடியுமா?

இன்னொன்று. கொக்கேய்ன் தூளாகவும் வரும், சோடா மாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கட்டியாகவும் வரும். சரக்கு ஒன்றுதான். தூள் விலை கூடியது, காசுள்ளவர்களின் பாவனை. கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக மலிவாக விற்கலாம், ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளில் அது பரவியது. 1986 இல் வந்த சட்டப்படி 500 கிராம் தூளோடு பிடிபட்டால் குறைந்தது 5 வருடச் சிறை. கட்டி என்றால் அதே 5 வருடத்துக்கு 5 கிராமே போதும். நூற்றுக்கு ஒன்று! அதில் மாட்டியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். 24 வருடம் கழித்து, 2010 இல்தான் அந்த 5 கிராமை 28 ஆக உயர்த்தினார்கள். இதில் வறுமை எங்கே முடிகிறது, நிறம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.

நீதிமன்றத்துக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஜோர்ஜியா மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வொன்றை, மரண தண்டனை பெற்ற ஒரு கறுப்பினத்தவருக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் சாத்தியம் 4.3 மடங்கு என்று அந்த ஆய்வு சொன்னது. 1987 இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளிவிட்டார்கள். இந்த வழக்கில் இவருக்கு வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபிக்கவில்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பவல் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு தீர்ப்பை மாற்ற முடிந்தால் இதைத்தான் மாற்றுவேன் என்றார். ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் ஞானம், எங்களுக்கும் பழக்கமானதுதான்.

கொல்லப்பட்டவர் யார் என்பதைப் பார்த்து நீதி நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்து மிருசுவில்காரருக்கு யாரும் புள்ளிவிபரம் காட்டி விளக்க வேண்டியதில்லை. 2000 டிசம்பரில் அங்கே 8 தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்க 2015 வரை போனது. 2019 இல் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் அவர் வீட்டுக்குப் போனார்.

அப்போ எங்களுடையது இனப் பிரச்சினை மட்டும்தான் என்கிறீர்களா? சிங்கராசா வழக்கை எடுங்கள். 1993 இல் மட்டக்களப்பில் சுற்றிவளைப்பொன்றில் பிடிபட்டவர். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேலுள்ளவரிடமோ கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் சுமையும் அடிவாங்கியவர் தலையில்தான். சிங்கராசாவிடம் ஒப்புதல் வாங்கிய அன்றைக்கு அறையில் இருந்தது ஓர் உதவி அத்தியட்சகரும் ஒரு கொன்ஸ்தாபிளும். தமிழைச் சிங்களமாக்கியதும் தட்டச்சு செய்ததும் அந்தக் கொன்ஸ்தாபிளே. சிங்கராசாவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளில் பெருவிரல் பதிந்தது. 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் விதித்தது, மேன்முறையீட்டில் 35 ஆயிற்று. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. அந்த முடிவு இங்கே கட்டுப்படுத்தாது என்று 2006 இல் உயர் நீதிமன்றம் கையை விரித்தது.

அந்த இடத்தில் வசதியுள்ள ஒரு தமிழர் இருந்திருந்தால், பொலிஸ் நிலைய வாசலிலாவது ஒரு சட்டத்தரணி நின்றிருக்கக்கூடும். ஏழைச் சிங்களவர் ஒருவர் இருந்திருந்தால், தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்றாவது வாசித்திருப்பார். இரண்டும் இல்லாதவனுக்குத்தான் பெருவிரல்.

பயங்கரவாதச் சட்டத்தை விடுங்கள். போன மாதம் ஒரு நீதவான் நீதிமன்ற வாசலில் அரை நாள் நின்றேன். வேறு அலுவலாகப் போனவன்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பிடிபட்டிருந்தது. ஓட்டிய பொடியனுக்கு இருபது வயது வராது, நாள் சம்பளம். உரிமையாளர் வெள்ளைச் சேட்டோடு வந்தார், சட்டத்தரணி எழும்பினார், பிணைமுறியில் கையெழுத்து வைத்து இயந்திரத்தை விடுவித்தாயிற்று. பொடியனுக்கும் நீதவான் பிணை கொடுத்தார், குறை சொல்ல முடியாது. இரண்டு சரீரப் பிணை, இரண்டு பேருக்கும் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். தாய் ஒரு ஷொப்பிங் பையில் அடையாள அட்டைப் பிரதிகள், கரண்ட் பில், பழைய உணவு முத்திரை அட்டை என்று வீட்டில் இருந்த கடதாசி முழுவதையும் கொண்டுவந்திருந்தா. தமையன் ஒரு பிணைக்கு வந்தார். மற்றதற்கு வருவதாகச் சொன்ன அயல்வீட்டுக்காரர் கச்சான் பிடுங்கும் நாள் என்று வரவில்லை. கூலி போய்விடுமே, அவரையும் குறை சொல்ல முடியாது. பின்னேரம் நாலு மணிக்குப் பொடியனைச் சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றினார்கள். உழவு இயந்திரம் அதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருக்கும். “அண்ணை, இனி எப்ப தவணை எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்” என்று தாய் என்னிடம் கேட்டா. பதினாலு நாள் என்றேன்.

இங்கே நீதவானும் தமிழ், பொலிஸ்காரரும் தமிழ், உரிமையாளரும் தமிழ். எங்கள் நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களை விட விளக்கமறியலில் கிடப்பவர்கள்தான் அதிகம். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களிலும் பெரும் பகுதி, தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். நீதிமன்றம் விதித்தது காசு, அவர்கள் கட்டியது நாட்களால்.

கடைசியாக ஒன்று, மாஸ்டர். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் எழுதி, நான் பிரசுரிக்காமல் விட்ட கடிதம் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. களவுக்கும் கசிப்புக்கும் காரணம் குடியேற்றத்துப் பொடியங்கள்தான், பொலிஸ் அங்கே போய் நாலு பேரைப் பிடித்தால் எல்லாம் சரிவரும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குடியேற்றத்துச் சனத்தில் பாதி 1958 இலும் 1977 இலும் மலையகப் பக்கம் அடிவாங்கி, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எங்கள் காணிகளில் கூலிக்கு நின்று காடு வெட்டியவர்களும் அவர்களே. நீங்கள் சொன்னபடி நாலு பேரைப் பிடித்தால் எட்டுப் பிணையாளிகள் வேண்டும். அந்த ஊரில் எத்தனை பேரிடம் காணிப் பத்திரம் இருக்கிறது, எத்தனை பேர் ஒரு நாள் கூலியை விட்டு நீதிமன்றம் வரக்கூடியவர்கள் என்று உங்கள் கிராம சேவகரிடம் விசாரித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தைக் கட்டாயம் பிரசுரிக்கிறேன்.