ஓடிபி சொல்லவில்லை, ஆனாலும் பணம் போனது!

கேள்வி: வெள்ளி இரவு அம்மாவின் சேமிப்புக் கணக்கில் ரூ.10,000 எடுத்ததாக எஸ்எம்எஸ் வந்தது. அவரிடம் ஏடிஎம் கார்டே இல்லை. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. மறுநாள் இரண்டாம் சனி. செவ்வாய்க்கிழமை கிளைக்குப் போனால், 'மூன்று நாள் தாண்டிவிட்டது, ரேகையும் ஒத்துப்போகிறது' என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த எஸ்எம்எஸ்ஸில் 'ஏஇபிஎஸ்' (AEPS, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்து எடுத்திருக்கிறார்கள். இதற்கு ஓடிபி, பின் நம்பர் எதுவும் வேண்டாம்.

கிளையில் சொன்ன கணக்கு தப்பு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை புகார் கொடுக்கச் சொல்வது மூன்று வேலை நாட்கள். அதுவும் உங்கள் கிளை திறந்திருக்கும் நாட்கள். தகவல் வந்த நாளைச் சேர்க்கக்கூடாது. ஆகவே வெள்ளி கழிந்தது. இரண்டாம் சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டாவது. புதன்கிழமை போயிருந்தாலும் கெடுவுக்குள்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை என்று கணக்கிட்டுவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் ரூ.10,000 வரை தாமே ஏற்க வேண்டும். அதாவது உங்கள் பணம் மொத்தமும்!

புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியுடன் முத்திரை வாங்குங்கள். 'முதலில் போலீஸுக்குப் போங்கள்' என்று கிளையிலும், 'வங்கியில் கேளுங்கள்' என்று காவல் நிலையத்திலும் பந்தாடுவார்கள். காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். ரேகை வைத்தது அம்மாதான் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. எந்த ஊரில், கைரேகை வாங்கிப் பணம் தரும் எந்த வங்கி ஏஜென்ட்டின் கருவியில் பணம் எடுக்கப்பட்டது என்று மனுவிலேயே கேளுங்கள். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிக் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448. 'மீட்டுத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்' என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

அம்மா ஊரில் ஏஜென்ட்டிடம் பணம் எடுப்பவரா? 'ரேகை சரியாப் பதியல, இன்னொரு தடவை வைங்கம்மா' என்பதுதான் இவர்களில் சிலரின் பழைய வித்தை. முதல் தடவையே பணம் போயிருக்கும். 'பேலன்ஸ் பார்க்கிறேன்' என்று சொல்லி எடுப்பவர்களும் உண்டு. திரையில் உள்ள தொகையைப் பார்க்காமல் விரலை வைக்கக்கூடாது. ரசீது வாங்காமல் நகரக்கூடாது.

இன்றே ஆதார் செயலியில் அம்மாவின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகைப் பதிவைப் பூட்டுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.