வீடியோ கேம்களில் உங்களுக்குப் பிடித்தது நிஜ உலகமா, கற்பனை உலகமா? ஏன்?

கற்பனை உலகம்தான். பல வருடமாக விளையாடுகிறேன், இதில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஆனால் டிராகனுக்காகவும் மந்திரக்கோலுக்காகவும் இதைச் சொல்லவில்லை. "கற்பனை கேம்கள் சின்னப் பிள்ளைகளுக்கு, வளர்ந்தவர்களுக்கு நிஜம் மாதிரி இருப்பவைதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்" என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் அரக்கனின் உயிர். இந்தக் கதையைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். உயிர் எப்படிக் கிளிக்குள் போனது என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. ஆனால் கதை சொல்பவர் அவசரத்தில் அரக்கனை வாளால் வெட்டிக் கொன்றுவிட்டால் குழந்தை விடவே விடாது. "உயிர்தான் கிளிகிட்ட இருக்கே, அப்புறம் எப்படிச் செத்தான்?" என்று கேட்டு நிற்கும். எந்த கேமுக்குள் நுழைந்தாலும் நான் அந்தக் குழந்தையாகத்தான் நுழைகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நம்புகிறேன். சொன்ன பிறகு மாற்றாதீர்கள்.

2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' கிட்டத்தட்ட இந்தக் கிளிக் கதையேதான். ஆளில்லாத நிலம், அதில் 16 ராட்சத உருவங்கள். வாளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால், அதிலிருந்து கிளம்பும் ஒளி அந்த உருவத்தின் உயிர்நிலை எங்கே என்று காட்டும். அங்கே குத்த வேண்டுமென்றால் அதன் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். அது உடம்பை உதறும்போது நாயகன் துணி மாதிரி இங்கும் அங்கும் ஆடுவான். திரையில் அவன் பிடியைக் காட்டும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். தீர்ந்தால் விழ வேண்டியதுதான். உலகம் மொத்தமும் கற்பனை, ஆனால் அந்தக் கைப்பிடி என் உள்ளங்கையில் வியர்வையை வரவழைத்தது.

நிஜ உலகத்தை எடுத்துக்கொள்ளும் கேமுக்கு ஆரம்பத்தில் பெரிய லாபம் உண்டு. கதவு என்றால் என்ன, கார் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நமக்குத் தெரிந்ததையெல்லாம் கடனாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். சிக்கல் அந்தக் கடனை அடைப்பதில் இருக்கிறது. ஒரு நகரத்து கேமில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவு, மழை, பின்னால் போலீஸ். ஒரு சந்துக்குள் ஓடினேன். எதிரே ஒரு வீட்டுக் கதவு, கைப்பிடியில் துரு, கீழே மிதியடி, இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். நேராகப் போய் மோதினேன். அது கதவே இல்லை, சுவரில் ஒட்டிய படம். அந்தத் தெருவில் இருந்த எந்தக் கதவும் கதவு இல்லை. போலீஸிடம் மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அதுவரை ஊர் என்று நம்பிய ஒன்று அந்த நொடியில் சினிமா செட் ஆகிவிட்டது, பிறகு அதை ஊராகப் பார்க்க என்னால் முடியவே இல்லை. துருவை அவ்வளவு கவனமாக வரைந்திருக்காவிட்டால் நான் அந்தப் பக்கம் ஓடியிருக்கவே மாட்டேன்.

இதோடு 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமை ஒப்பிட்டுப் பாருங்கள். மாரியோ குதித்த பிறகு அந்தரத்திலேயே திசை திரும்புவான். யாருக்காவது உறுத்தியதா? 'மைன்கிராஃப்ட்'டில் மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி காற்றில் அப்படியே நிற்கும், மணல் மட்டும் கீழே விழும். பத்து நிமிடத்தில் இரண்டும் பழகிவிடுகிறது. அதற்கப்புறம் மணல் விழும் என்பதை நம்பியே பொறி வைக்கிறோம், மரம் நிற்கும் என்பதை நம்பியே வீடு கட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அப்படியே நிஜம்" என்று நாம் சொல்வதில் பாதி, நாம் எதிர்பார்ப்பதுதான். 2014-ல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' பிரெஞ்சுப் புரட்சிக் கால பாரிஸில் நடக்கிறது. அதில் வரும் நோத்ர தாம் தேவாலயம் கேம் உலகத்தில் கொண்டாடப்பட்ட ஒன்று, அதன் மேல் ஏறி நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அதில் இருக்கும் கூர்கோபுரம் 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. புரட்சிக் காலத்தில் அது கிடையாது. 2019 தீவிபத்தில் எரிந்து விழுந்ததும் அந்தக் கோபுரம்தான். அதை எடுத்துவிட்டு வரலாற்றின்படி காட்டியிருந்தால், பார்த்தவர்களில் பலர் "ஏதோ குறைகிறதே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அது அழகான வேலை. நிஜ உலக கேமிலும் கற்பனை இருக்கிறது, வெளியே தெரியாமல் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது 2017-ல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு'. ஒரு மலைச்சரிவில் இடி மழை. முதுகில் இருந்த இரும்பு வாளில் பொறி பறக்க ஆரம்பித்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன், இடி என் தலையிலேயே விழுந்தது. அடுத்த முறை வாளையும் கேடயத்தையும் கழற்றிவிட்டு, மரக்கழியோடு நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த முறை, பொறி பறக்கும் வாளை எதிரிகள் நடுவில் வீசி எறிந்தேன். இடி அங்கே விழுந்தது. இதைச் செய் என்று அந்த இடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நெருப்பும் நீரும் மின்சாரமும் எந்தப் பொருளை என்ன செய்யும் என்று முதலிலேயே விதிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். உருவாக்கியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கெமிஸ்ட்ரி எஞ்சின்'. பள்ளிக்கூடத்தில் படித்த இடிதாங்கியை நான் முதல்முதலாகக் கையில் எடுத்துப் பயன்படுத்தியது, இளவரசியும் அரக்கர்களும் இருக்கிற ஒரு ராஜ்யத்தில்தான்.

வாங்கிய கடனைக் கடைசிப் பைசா வரை அடைக்கும் நிஜ உலக கேம்களும் இருக்கின்றன. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-ல் நாளாக ஆக தாடி வளரும், துடைக்காத துப்பாக்கியின் திறன் குறையும். அதைவிட என்னை அசைத்தது 2018-ல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. 1403-ம் ஆண்டின் பொஹீமியா, இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. மந்திரம், மாயம் எதுவும் இல்லை. நாயகன் ஹென்றி கொல்லன் மகன், எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன் ஒரு புத்தகத்தைத் திறந்தால் நமக்கும் எழுத்துகள் முன்னும் பின்னுமாகக் கலைந்துதான் தெரியும். உஜிட்ஸ் என்ற ஊரில் இருக்கும் எழுத்தரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும். அதன் பிறகும் ஒரேயடியாகத் தெளியாது. படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லாக வரிசைக்கு வரும். ஒரு மூலிகைப் புத்தகத்தில் முதல் முறையாக ஒரு வரி முழுசாகப் புரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எழுத்தறிவு என்பது எவ்வளவு பெரிய சக்தி என்று நெருப்பு உருண்டை வீசும் ஒரு மந்திரவாதியை வைத்துக் காட்டியிருக்க முடியாது. இந்த ஒரு இடத்தில் என் கட்சி தோற்றது.

இப்போது உங்கள் நண்பர்களுக்கு. 2015-ல் வந்த 'விட்சர் 3' முழுக்கவே பேய், பூதம், சூனியக்காரிகள். அதில் ஒரு பாரன், அதாவது பிரபு, வருகிறான். குடிகாரன், மனைவியை அடிப்பவன். கர்ப்பம் கலைகிறது. பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பிசாசாகி எழுகிறது. அதை வெட்டிக் கொல்லலாம். அல்லது சாபத்தைப் போக்கலாம். போக்க வேண்டுமானால் அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் அது துடிக்கும், திமிறும், அதை மந்திரத்தால் அமைதிப்படுத்துவது நம் வேலை. வாசலுக்கு வந்ததும் மகளே என்று ஏற்று, பெயர் வைத்து, வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். குடும்ப வன்முறையைப் பற்றி நிஜ உலகத்தில் நடக்கும் ஒரு கேம் பேசலாம், போலீஸ் வரலாம், வழக்கு நடக்கலாம். தான் செய்ததன் எடையை அவன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடப்பதை அதனால் காட்ட முடியாது.

ஐரோப்பாவில் அந்த கேமின் அட்டையில் 18 என்று, அதாவது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்று, அச்சிட்டிருக்கிறார்கள். கதையில் வெலன் என்ற பகுதிக்குப் போனதும் பாரனின் கோட்டை வந்துவிடும், அதிக நேரம் ஆகாது. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் இடம் வரைக்கும் விளையாடச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.