24 விண்ணப்பம், ஒரு நேர்முகமும் இல்லை: சொலிசிட்டர் ஆவதற்கு எங்கே தொடங்குவது?

கேள்வி: என் மகள் லண்டனில் இரண்டாம் வருடம் வரலாறு படிக்கிறாள். சொலிசிட்டராக வரவேண்டும் என்பது ஆசை. போன ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் சட்ட நிறுவனங்களின் வெக்கேஷன் ஸ்கீமுக்கு (விடுமுறையில் சில வாரம் உள்ளே இருந்து வேலை பழகும் திட்டம்) 24 விண்ணப்பம் போட்டாள். ஒருவரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் சட்டத்தரணிகள் இல்லை. அவளுக்கு உள்ள ஒரே அனுபவம், என் தம்பியின் பெற்றோல் ஸ்டேசனில் சனி, ஞாயிறு நின்றதுதான். இப்போது பக்கத்திலுள்ள தமிழ் சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் கோடை விடுமுறைக்குச் சம்பளமில்லாமல் வரச் சொல்கிறார்கள். அவளை அனுப்பலாமா?

பதில்: 24 என்ற எண்ணிலேயே பிழை தொடங்குகிறது. ஒரு படிவத்தை ஒழுங்காக ஆராய்ந்து எழுதி முடிக்க எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும். படிப்பும் வார இறுதி வேலையும் இருக்கிற பிள்ளை மூன்று மாதத்தில் 24 அனுப்பினால், ஒன்றையே 24 தடவை எழுதியிருப்பார். வாசிக்கிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அடுத்த சுற்றுக்கு எட்டு போதும். இனி மகளுக்கே நேராகச் சொல்கிறோம்.

குளிர்கால ஸ்கீம்களுக்கான விண்ணப்பம் பொதுவாக செப்டெம்பரில் திறந்து ஒக்டோபர், நவம்பரில் மூடும். வசந்தகாலத்துக்கும் கோடைக்கும் டிசம்பர், ஜனவரி வரை தவணை இருக்கும். அந்தக் கடைசித் தேதியை நம்பி இருக்காதீர்கள். பல நிறுவனங்கள் படிவங்களை வந்த ஒழுங்கிலேயே பார்த்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு போகின்றன. ஜனவரியில் போடுகிறவருக்கு மிஞ்சுவது சில கதிரைகள்தான். இன்னொன்று, சில நிறுவனங்கள் இரண்டாம் வருடத்தில் சட்ட மாணவர்களை மட்டுமே எடுக்கும். வேறு பாடம் படிக்கிறவர்களுக்கு இறுதி வருடத்தில்தான் கதவு திறக்கும். உங்கள் 24-இல் சில, அந்த விதியாலேயே வாசிக்கப்படாமல் போயிருக்கலாம். இந்த ஒக்டோபரில் நீங்கள் இறுதி வருடம் என்பதால் வழி இன்னும் அகலம். ஆனாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதி விதியையும் முதலில் வாசியுங்கள்.

எட்டையும் ஒரே வகை நிறுவனங்களுக்குப் போடுவதும் புத்தியல்ல. கிளிஃபர்ட் சான்ஸ், லிங்க்லேட்டர்ஸ் போன்ற மிகப் பெரிய நிறுவனங்கள் வருடத்துக்கு நூறையொட்டிய பயிலுநர்களை எடுக்கின்றன. நடுத்தர நிறுவனம் பத்து, பதினைந்து பேரை எடுக்கும். முதல் வகைக்கு இரண்டு, நடுத்தரத்துக்கு நான்கு, லண்டனுக்கு வெளியே இரண்டு என்று பிரிப்பது எங்கள் கணக்கு.

படிவத்தில் பலர் விழுகிற இடம் ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்ற கேள்வி. பெரும்பாலும் 250, 300 சொல்தான் தருவார்கள். எழுதியதை இப்படிச் சோதியுங்கள்: நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போடுங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் அதை அழித்துவிடுங்கள். ‘உலகெங்கும் கிளைகள் உள்ள, சிறந்த பயிற்சி தருகிற நிறுவனம்’ என்பது இந்தச் சோதனையில் நிற்காது. அதற்குப் பதிலாக அந்த நிறுவனம் அண்மையில் செய்த ஒரே ஒரு வேலையை எடுங்கள். வாடிக்கையாளர் யார், சிக்கல் என்ன, அதில் சட்டத்தரணி செய்தது என்ன, அது உங்களை ஏன் இழுக்கிறது என்று நாலு வரியில் சொல்லுங்கள். பழைய பெயரை எழுதிவிடாதீர்கள்: ஆலன் அண்ட் ஓவரி 2024 மே மாதம் ஷியர்மன் அண்ட் ஸ்டேர்லிங்குடன் இணைந்து ஏ அண்ட் ஓ ஷியர்மன் ஆகிவிட்டது. பழைய பெயரில் கடிதம் போனால், வருடக்கணக்காக வைத்திருந்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது என்று பிடிபடும். சற்ஜிபிடி எழுதிய பதிலும் அதே கதைதான். எல்லோருக்கும் அது ஒரே பதிலைத்தான் எழுதிக் கொடுக்கிறது. சொந்தமாக எழுதினேன் என்று உறுதிமொழி கேட்கிற படிவங்களும் உண்டு.

மதிப்பெண்களை அரை வீதம்கூடக் கூட்டி எழுதாதீர்கள். 59-ஐ 60 ஆக்கியது பின்னால் தெரியவந்தால் வேலை மட்டும் போகாது. சொலிசிட்டராகப் பதியும்போது எஸ்.ஆர்.ஏ பார்க்கிற நேர்மைக் கேள்வியாகவும் அது வந்து நிற்கும். எஸ்.ஆர்.ஏ என்பது இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு.

இனிப் பெற்றோல் ஸ்டேசன். ‘வெறும் கல்லாப்பெட்டி வேலை’ என்று அதை ஒரு வரியில் முடித்திருப்பீர்கள். அங்கேதான் உங்களுடைய நல்ல சரக்கு கிடக்கிறது. ‘வர்த்தக விளக்கம்’ என்று நிறுவனங்கள் தேடுவது பங்குச் சந்தைச் செய்தியை ஒப்பிப்பதை அல்ல. ஒரு வியாபாரம் எங்கே காசு பார்க்கிறது, எங்கே இழக்கிறது என்று தெரிகிறதா என்பதைத்தான். பெற்றோலில் இலாபம் லீற்றருக்குச் சில பென்ஸ். கடைப் பொருட்களில்தான் வருமானம் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். 2023 ஜூலையில் பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் (சி.எம்.ஏ), சுப்பர்மார்க்கெட்டுகள் எரிபொருளில் வைக்கிற இலாப விகிதம் கூடியிருப்பதாகச் சொன்னது. அந்த அறிக்கையையும் சித்தப்பாவின் விலைப் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதே இடத்தில் சட்டத்துறைகள் பாதி இருக்கின்றன. நிலத்தின் குத்தகை சொத்துத் துறைக்கு உரியது. எரிபொருள் நிறுவனத்தோடு செய்த வழங்கல் ஒப்பந்தம் வர்த்தகத் துறைக்கு. இரவு ஷிப்ட், விடுமுறைச் சம்பளம் தொழிலாளர் சட்டத்துக்கு. மது விற்க 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் கீழ் இடத்துக்கு உரிமமும் பொறுப்பான ஒருவரின் பெயரும் வேண்டும். மின்வாகன சார்ஜர் போட வேண்டுமென்றால் குத்தகையை மறுபடி பேச வேண்டும். சித்தப்பாவோடு ஒரு மாலை உட்கார்ந்து, எந்த ஒப்பந்தத்தில் எந்த வரி அவரை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது என்று கேளுங்கள். வயது அடையாளம் காட்ட மறுத்தவரைத் திருப்பி அனுப்பியது, கணக்கில் வித்தியாசம் வந்தபோது ரசீதுகளைத் தேடிப் பிடித்தது ஆகியவற்றை, ‘இப்படி ஒரு நிலையில் என்ன செய்தீர்கள்’ என்று கேட்கிற திறமைக் கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்று எண்ணோடு எழுதுங்கள்.

நம்மவர்கள் கௌரவத்துக்காக வெறுமையாக விடுகிற பகுதி ஒன்று உண்டு: பாடசாலையில் இலவச மதிய உணவு எடுத்தீர்களா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனார்களா, எந்தத் தபால் குறியீட்டில் வளர்ந்தீர்கள் என்ற கேள்விகள். பல நிறுவனங்கள் ரெயார் என்ற அமைப்பின் மென்பொருளால், உங்கள் ஏ லெவல் பெறுபேற்றை உங்கள் பாடசாலையின் சராசரியோடு வைத்துப் பார்க்கின்றன. சராசரி குறைந்த பாடசாலையில் எடுத்த இரண்டு பி, பணக்காரப் பாடசாலையின் ஏ-க்களுக்குச் சமமாக நிற்கலாம். வெறுமையாக விட்டால் அந்தக் கணக்குப் போட வழியே இல்லை. இதில் இரக்கம் ஏதும் இல்லை, உள்ளதை நிரப்புங்கள்.

படிவம் தாண்டினால் வருவது பெரும்பாலும் வொட்சன் கிளேசர் என்ற தர்க்கச் சிந்தனைத் தேர்வு. 40 கேள்வி, 30 நிமிடம். கேள்விக்கு 45 வினாடி. வரலாறு படிக்கிறவர்கள் விழுகிற குழி இதில் தனி. நீங்கள் உலகத்தைப் பற்றி அறிந்ததைக் கொண்டு விடை சொல்வீர்கள். தேர்வோ பத்தியில் எழுதியதை மட்டும் வைத்து விடை கேட்கிறது. ஊகப் பகுதியில் ‘உண்மை’, ‘பெரும்பாலும் உண்மை’, ‘போதிய தகவல் இல்லை’, ‘பெரும்பாலும் பொய்’, ‘பொய்’ என ஐந்து விடைகள். அதில் பயிற்சி இல்லாதவர்கள் நடு விடைக்குப் போகப் பயப்படுவார்கள். பிழைத்த கேள்விகளை மட்டும் எழுதி, ஏன் பிழைத்தது என்று குறித்து வைத்தால் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியும்.

ஸ்கீம் கிடைத்தால் இரண்டு, மூன்று வாரம், சம்பளத்தோடு. முடிவில் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட், அதாவது பயிலுநராக எடுக்கும் ஒப்பந்தத்துக்கான நேர்முகமும் பெரும்பாலும் அங்கேயே நடக்கும். வேலை தரும்போது மூன்றைக் கேளுங்கள்: எப்போது வேண்டும், எவ்வளவு நீளம், இது யாருக்குப் போகிறது. எழுத்துப்பிழையோடு கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயரைக் குடும்ப வட்ஸ்அப்பில்கூடப் போடாதீர்கள்.

தமிழ் சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில்: போகலாம், ஆனால் இந்த நிபந்தனைகளோடு. 2021 செப்டெம்பர் முதல் சொலிசிட்டராவதற்கு எஸ்.கியூ.ஈ என்ற இரண்டு பாகத் தகுதித் தேர்வுகளும் இரண்டு வருடத் தகுதிபெறும் பணி அனுபவமும் வேண்டும். அந்த இரண்டு வருடத்தை அதிகபட்சம் நான்கு நிறுவனங்களில் சேர்க்கலாம். பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்றில்லை. இலவசச் சட்ட ஆலோசனை தரும் பல்கலைக்கழகக் கிளினிக்கும், சட்ட மையமும், இப்படிப்பட்ட அலுவலகமும் கணக்கில் வரும்.

முதலில் எஸ்.ஆர்.ஏ-யின் இணையப் பதிவேட்டில் அந்த அலுவலகத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். குடிவரவு ஆலோசகர்கள் மட்டும் நடத்துகிற அலுவலகங்களும் உண்டு. அவர்களை ஒழுங்குபடுத்துவது வேறு அமைப்பு, 2025 ஜனவரியில் அதன் பெயர் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்று மாறியது. அங்கே சொலிசிட்டர் இல்லையென்றால், உங்கள் வேலையை நேரில் அறிந்த வெளிச் சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அது தலையிடி.

அடுத்தது, என்ன வேலை என்று கேளுங்கள். தமிழ் தெரிந்ததால் மொழிபெயர்க்கவும் போன் எடுக்கவும் மட்டும் வைத்தால் அது அனுபவமாகாது. வாடிக்கையாளர் சந்திப்பில் குறிப்பெடுப்பது, வாக்குமூலத்தின் முதல் வரைவு, நீதிமன்றக் கோவை கட்டுவது, வீடு வாங்குவதில் சொத்துப் பதிவைப் பார்ப்பது என்று உண்மையான சட்ட வேலை வேண்டும். எஸ்.ஆர்.ஏ-யின் திறமைப் பட்டியலில் குறைந்தது இரண்டையாவது வளர்க்க வாய்ப்பிருக்க வேண்டும். வாரந்தோறும் தேதி, வேலை, மணி, எந்தத் திறமை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். முடிகிற வாரத்திலேயே சொலிசிட்டரிடம் உறுதிப்படுத்தலைக் கேட்டு வாங்குங்கள். அவர் ஒரு வருடத்தில் வேறிடம் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம். அவர் சொல்ல வேண்டியது காலம், வாய்ப்பு, நடத்தையில் குறையில்லை என்பவை மட்டுமே. நீங்கள் கெட்டிக்காரரா என்று அவர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எட்டு வாரம் அங்கே நின்று அதைப் பதிந்தால் நான்கில் ஓர் இடம் போய்விடும். அதனால் நீண்ட வேலை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பதியுங்கள்.

சம்பளமில்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. பார்த்துப் பழகுவதற்குச் சம்பளம் தேவையில்லை. நேரம் குறித்து, வேலையைப் பிரித்துக் கொடுத்து, கோவைகளைச் செய்யச் சொன்னால் நீங்கள் தொழிலாளி. குறைந்தபட்சக் கூலி தரவேண்டியது சட்டம். படிப்பின் கட்டாயப் பகுதியாக இருந்தால்தான் விலக்கு. வரலாற்றுப் படிப்பில் அப்படி எதுவும் இல்லை. அப்பா பேசுவதைவிட நீங்களே மரியாதையாக, ‘முதல் இரண்டு வாரம் பார்த்துப் பழகுகிறேன், பிறகு மூன்று நாள் சம்பளத்தோடு செய்யலாமா’ என்று கேளுங்கள். பல அலுவலகங்கள் இதற்குச் சம்மதிக்கும். ஒருவரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள்.

எஸ்.கியூ.ஈ-ஐ இப்போதே எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் பொறுங்கள். இரண்டு பாகங்களுக்கும் தேர்வுக் கட்டணமே ஏறக்குறைய 5,000 பவுண்டு, பயிற்சி வகுப்புக் கட்டணம் வேறு. ஆறு வருடத்துக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று தடவைதான் முயலலாம். முதல் பாகத்தில் 360 கேள்வி. பல அமர்வுகளில் தேர்ச்சி பெற்றவர்கள் பாதியை ஒட்டியவர்கள்தான். ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் தரும் பெரிய நிறுவனங்கள், சட்டம் படிக்காதவர்களுக்கான மாற்றுப் படிப்புக்கும் எஸ்.கியூ.ஈ-க்கும் பணம் கட்டி, செலவுக்கும் உதவித்தொகை தருகின்றன. இறுதி வருட விண்ணப்பச் சுற்று முடிகிற வரை அந்த 5,000 வங்கியிலேயே இருக்கட்டும்.