எருசலேமில் ஆலயம் இருந்த இடத்தைப் பார்த்தால் யூதர்கள் சட்டையைக் கிழித்துக்கொள்வார்களாமே, இன்றும் அப்படிச் செய்கிறார்களா?

ஆமாம், செய்கிறார்கள். எல்லாரும் இல்லை. மதச் சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கிறவர்கள் செய்கிறார்கள். இதற்குப் பெயர் கெரியா. அப்பா அம்மா இறந்தால் உடையைக் கிழிப்பார்களே, அதே சடங்குதான். கி.பி. 70இல் ரோமானியர் இடித்த ஆலயத்துக்கும் அதைச் செய்கிறார்கள்.

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்தபோது இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் கவனித்துக்கொண்ட பெரியவர் உடல்நலம் சரியில்லாமல் நெடுநாள் எருசலேம் பக்கமே போகவில்லை. போகிற அன்று பழைய சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆலய மேடு கண்ணில் பட்டதும் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்தபடி கிழிக்கக் கூடாது, நின்றுதான் கிழிக்க வேண்டுமாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். துணி ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக்கு மட்டும்தான் கத்தரி. மீதியை நடுங்கும் விரல்களாலேயே நெஞ்சுப் பக்கம் ஒரு கையகலம் கிழித்தார். எங்கள் முன்னோர் உம்மைத் துதித்த ஆலயம் நெருப்புக்கு இரையானதே என்று ஏசாயா புத்தகத்தில் வரும் வசனத்தை முணுமுணுத்தார். அழவில்லை. அதுவரை இதை வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

அந்தக் கிழிசலை ஓட்டுத் தையல் போட்டுச் சேர்க்கலாம், கிழிந்த தடமே தெரியாமல் தைக்கக் கூடாது என்கிறது யூதச் சட்ட விவாத நூலான தல்மூத். பெற்றோருக்காகக் கிழித்ததற்கும் இதே விதிதான். கடைசியாகப் பார்த்து 30 நாளுக்குள் மறுபடி வந்தால் கிழிக்க வேண்டியதில்லை. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் கிடையாது. வெள்ளி மதியத்துக்குப் பிறகும் பலர் கிழிப்பதில்லை. வேறு சிலர் போட்டிருக்கும் சட்டையைப் பேச்சளவில் நண்பருக்கு விற்றுவிடுவார்கள். அடுத்தவர் துணியைக் கிழிக்கக் கூடாது அல்லவா?

பழைய சட்டப்படி யூதேயாவின் பாழடைந்த ஊர்கள், எருசலேம் நகரம், ஆலயம் மூன்றுக்குமே கிழிக்க வேண்டும். 1967 போருக்குப் பிறகு நகரம் யூதர் ஆட்சியில் இருக்கிறது, அதனால் ஊருக்கும் நகருக்கும் இனி வேண்டாம், ஆலயத்துக்கு மட்டும் போதும் என்று ரப்பிகள் பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது, ஆலயம் இன்னும் இல்லைதானே.

எவ்வளவு பழைய வழக்கம் என்றால், கி.பி. 333இல் அங்கே போன, இன்றைய பிரான்ஸின் போர்டோ ஊர்க் கிறிஸ்தவ யாத்திரிகர் ஒருவர், யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு கல்லுக்கு எண்ணெய் பூசி, புலம்பி, உடையைக் கிழித்துக்கொண்டு திரும்புவதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆலயம் நின்றிருந்த காலத்திலும் துக்கத்துக்கென்று அங்கே ஒரு முறை இருந்தது. யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் வலப்புறமாகச் சுற்றுவார்கள், துக்கத்தில் இருப்பவரோ இடப்புறமாக. எதிரே வருகிறவர் “ஏன் இடப்புறம் போகிறீர்?” என்று கேட்பார். “துக்கத்தில் இருக்கிறேன்” என்றால், “இந்த வீட்டில் வாசம்செய்கிறவர் உம்மைத் தேற்றுவாராக” என்று சொல்லிவிட்டுப் போவார். முன்பின் தெரியாத ஆளும் ஆறுதல் சொல்லட்டும் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் இருந்ததாக மிஷ்னா சொல்லும் தெற்கு வாசல்கள் இன்று அடைத்துக் கிடக்கின்றன. முன்னால் உள்ள அகலமான படிகள் தொல்லியல் பூங்காவுக்குள் வருகின்றன, டிக்கெட் எடுத்துப் போய் பார்க்கலாம். மேற்குச் சுவர் வரை போகிறவர்கள் அதையும் விட்டுவிடாதீர்கள்.