தட்டாத சுண்டைக்காய்: கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கம். வேலியோரம் தானாக முளைத்த சுண்டைச் செடியில் இரண்டு கிலோ காய் பறித்து, மோரில் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட்டேன். நடுவில் மூன்று நாள் மூடாக்கு. டப்பாவில் போட்டு இருபதே நாளில் சாம்பல் பூத்துவிட்டது. துடைத்து நெய்யில் வறுத்தால் சரியாகிவிடுமா? ஆறு வயதுப் பையனுக்குப் பூச்சி மருந்தாக எவ்வளவு கொடுக்கலாம்? மிளகுதக்காளி விஷம் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

கொட்டிவிடுங்கள். முள் குத்தக் குத்தப் பறித்த கைக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் துடைக்கப்போவது மேலே தெரியும் சாம்பலை மட்டும். பூஞ்சையின் இழை காய்க்குள் ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் விடும் அஃப்லாடாக்சின் நச்சு வறுக்கிற சூட்டில் முழுதாக அழியாது. நெய் என்றால் அதற்குத் தனிச் சலுகையா என்ன?

மூடாக்கின் மேல் பழி போடாதீர்கள். கடிதத்தில் மோர் இருக்கிறது, நெய் இருக்கிறது. காயைத் தட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் மூலிகையின் குணத்தைப் பேசுகிறார்கள், காயவைப்பதைப் பேச ஆளில்லை! சுண்டை முரட்டுச் செடி. வாடல் நோயைத் தாங்கும் என்று கத்தரியை இதன்மேல்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். காயின் தோலும் அப்படியே. முழுக்காய் இரண்டு வெயிலில் மேலே கல்லாகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். டப்பாவை மூடியதும் அந்த ஈரம் வெளியே வரும். தட்டாத பத்துக் காய் போதும், டப்பா முழுக்கப் போய்விடும்.

காம்பு கிள்ளி, அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே தட்டு. வாய் பிளந்தால் போதும். நசுக்கினால் விதை கொட்டி வெறும் தோல்தான் மிஞ்சும். தட்டியதை உடனே மோரில் போடுங்கள், காற்றுப் பட்டால் கறுக்கும். ஒரு கிலோ காய்க்கு நன்றாகப் புளித்த மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு 100 கிராம். மண்சட்டியோ பீங்கான் ஜாடியோ வையுங்கள். அலுமினியத்தைப் புளிப்பும் உப்பும் அரித்துவிடும். காலையில் வடித்து வெயிலில், மாலையில் மறுபடி அதே மோரில். மூன்று நாளில் மோரைக் காய் குடித்துவிடும். அதற்குப் பிறகு நாலைந்து வெயில், வேட்டித் துணியில். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டவே வேண்டாம், அடியில் வியர்க்கும். பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

ஊறும்போது மூடாக்குப் போட்டால் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருங்கள். உப்பும் புளிப்பும் பாக்டீரியாவை அடக்கும், பூஞ்சை அதற்கெல்லாம் அஞ்சாது. அதை நிறுத்துவது வறட்சி ஒன்றுதான். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் போட்டால் தோல் இறுகி, தட்டியதும் வீண். டப்பாவில் போடுமுன் இருப்பதிலேயே பெரிய காய் ஐந்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். விதை பொலபொலவென்று உதிர வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு வெயில். சூடு ஆறியபிறகே மூடி.

பையனுக்கா? சோற்றில் இரண்டு வற்றல் நொறுக்கிப் போடுங்கள், அது சாப்பாடு. பூச்சிக்குப் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது.

மிளகுதக்காளிப் பயம், ஆங்கிலப் பெயரில் பாதி (நைட்ஷேட்) பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் பெயரோடு ஒத்துப்போவதால் வந்த வினை. பெல்லடோனாக் காய் செர்ரி அளவில், பெரிய புல்லிவட்டத்தின்மேல் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். நம் சமவெளியில் அது விளைவதில்லை. மிளகுதக்காளி மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கொத்துக் கொத்தாக இருக்கும். பச்சைக்காயில் மட்டும் சோலனின் என்ற நச்சு கூடுதல், பையனைச் செடியிலிருந்து பறித்து மெல்ல விடாதீர்கள். சாக்கடையோரச் செடியைத் தொடவே வேண்டாம்.